மாஷியோடு யாரும் பேசாத மாதம்

காலை வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதிவரை இறங்கியிருக்கிறது. முதல் மாடி பால்கனியில் என் மனைவி கோமதி துவைத்த புடவையைப் பிழிந்துகொண்டே கீழே பார்த்துப் பேசுகிறாள்.

"என்ன மாஷி, தண்ணி இன்னைக்கு நூலாட்டம் வருது. குடத்தைக் கொஞ்சம் சாய்ச்சு வையிங்க."

தெருக்குழாயடியில் நிற்கும் கிழவி தலையைத் தூக்கிப் பெங்காலியில் பதில் சொல்கிறாள்: "ராத்திரி பூரா முட்டி வலிச்சுது. மழை வரும் பாத்துக்கோ."

"எங்க வீட்ல கத்திரிக்காதான். மீன்காரன்கிட்ட நமக்கு என்ன சோலி?"

"அதான் சொல்றேன். மழை வந்தா உன் துணி காயாது."

கோமதிக்கு அவள் பேச்சில் பாதி புரிந்திருந்தால் அதிகம். அவளுக்குக் கோமதியின் தமிழில் ஒரு சொல்கூடப் புரியாது. ஆனாலும் குடம் நிறையும்வரை இருவரும் முறை வைத்துப் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி முடிக்கும்வரை மற்றவள் காத்திருப்பாள்.

கல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் சந்தில் அந்த மாதம் அந்தக் கிழவியோடு பேசிய ஒரே வாய் கோமதியுடையது. அதை மூடியவன் நான்.

லேக் மார்க்கெட்டில் வாழையிலை தேடி அலைந்த கதையைப் போன இதழில் படித்துவிட்டு, "கல்கத்தாவில் உங்களுக்குக் கசப்பான நினைவே கிடையாதா சார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு. அந்தக் கசப்பு எனக்குப் பிறர் கொடுத்ததாக இருந்தால் முன்னமே எழுதியிருப்பேன். நான் பிறருக்குக் கொடுத்தது என்பதால்தான் இத்தனை வாரம் வாழையிலையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

யாருக்கும் மாமா இல்லாதவர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் சட்டப் பிரிவில் இருந்தேன். பெஹாலாவில் டிராம் சாலையிலிருந்து உள்ளே வரும் ஒரு சந்தில், மாடி வீட்டில் எட்டொன்பது வருஷமாகக் குடியிருந்தோம். சந்தில் நாங்கள் மட்டுமே தமிழர்கள்.

கல்கத்தாவின் ஒவ்வொரு பேட்டையிலும் வருஷத்துக்கு ஒருமுறை குழந்தைகளைத் தெருவில் ஜமக்காளம் விரித்து உட்காரவைத்துப் படம் வரையும் போட்டி நடத்துவார்கள். போட்டி குழந்தைகளுக்கு, சண்டை தாய்மார்களுக்கு. நடுவர் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு குழந்தைக்கு மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். பரிசு கொடுத்த மறுநாளே பேச்சு கிளம்பும்.

ஒரு வருஷம் கிளப்புக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. "மூர்த்திதாவைக் கூப்பிடுவோம். மதராஸிக்காரர். இங்கே யாருக்கும் மாமா கிடையாது."

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. பச்சை நிறச் சூரியன் வரைந்த பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்தேன். யாரும் சண்டை போடவில்லை. அன்றுமுதல் எனக்கு நடுநிலைக்காரர் என்று பெயர். பூஜைப் பந்தல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலிருந்து எதற்கும் என்னைக் கேட்பார்கள். கட்சிகள் இரண்டும் தலைக்கு மேல் கொடி கட்டிக்கொண்டிருந்த ஊரில், எந்தக் கொடியும் இல்லாத ஒரு மனிதன் தேவைப்பட்டான்.

கவுன்சிலர் மாயாதி என்னை வார்டு கமிட்டியில் சேர்த்துக்கொண்டது அப்படித்தான். அந்த ஊரில் பேரோடு 'தா' சேர்த்தால் அண்ணன், 'தி' சேர்த்தால் அக்கா என்று பொருள். மாயாதி பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் எப்போதும் ஒரு டார்ச் விளக்கு. கார்ப்பரேஷன் விளக்குகளை அவர் நம்புவதில்லை.

புதன்கிழமை

கிளப்பை ஒட்டிய ஓர் அறைதான் வார்டு அலுவலகம். ஒரு மேஜை, நாலைந்து மடக்கு நாற்காலிகள், சுவரில் கொசு மருந்து பற்றிய சுவரொட்டி. பக்கத்து அறையில் கேரம் காய்கள் மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மண் கோப்பைகளில் டீ வரும். ஈர மண்ணும் இஞ்சியும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

புதன்கிழமை மாலைகளில் மாயாதி அங்கே வழக்கு கேட்பார். சாலிஷி என்பார்கள், பஞ்சாயத்து என்று நாம் சொல்வது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சந்துக்குள் நடக்கும் பாதி அக்கிரமங்களுக்கும் சட்டத்தில் இடமில்லையே.

மூலையில் நின்று விசிலடிக்கும் பையன்கள் மீது புகார் வந்தது. மாயாதி அவர்களைக் கூப்பிட்டு, "பூஜைக் கூட்டத்தில் கயிறு பிடிக்க ஆள் வேணும். விசில் நல்லா அடிக்கிறவங்களா வேணும்" என்றார். மார்பில் பேட்ஜைக் குத்திக்கொண்டு மூன்று நாள் ஜனங்களை ஒழுங்குபடுத்தியவர்கள், அதற்குப் பிறகு மூலையில் நிற்கவே கூச்சப்பட்டார்கள்.

விடியும் முன்பே ஆர்மோனியம் வைத்துப் பாடும் ஒரு பெரியவர் மீது நான்கு வீட்டார் புகார் கொண்டுவந்தார்கள். மாயாதி நால்வரிடமும், "அவர் பாட்டை ஒருநாள் உக்காந்து கேட்டிருக்கீங்களா?" என்றார். இல்லை. "அதான் அவர் உங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி பாடுறார்." மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிளப்பில் அவருக்கு ஒரு கச்சேரி என்று தீர்ப்பானது. விடிகாலைப் பாட்டு நின்றது. கச்சேரிக்குப் போக வேண்டிய தண்டனை எங்களுக்கு.

"ஏன் தீதி, ஒரு போன் போட்டா போலீஸ் வந்து பார்த்துக்குமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வரும். கூட்டிட்டுப் போகும். ஆனா விட்டதும் அந்த ஆள் எங்கே வருவான், மூர்த்திதா? இதே சந்துக்குத்தானே?"

ஆரதி மாஷி

மாஷி என்றால் சித்தி. சந்துக்கே அவள் மாஷி. எங்கள் வீட்டுக்கு எதிரே தரைத்தளத்தில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். ஒரு நர்சிங் ஹோமில் வெகுகாலம் ஆயாவாக வேலை பார்த்தவள். கணவன் எப்போதோ போய்விட்டான். இறந்தானா, ஓடினானா என்பதில் சந்தில் இரண்டு கட்சி.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் அவள் வாயும் திறக்கும். எச்சில் துப்புகிறவன், வரிசை தாண்டுகிறவள், குழாயை மூடாமல் போகிறவன் எல்லோருக்கும் பங்கு உண்டு. "மூஞ்சி கருகினவனே, உங்கப்பன் வெட்டின கிணறா இது?" என்று தொடங்கினால் மூன்று தலைமுறைக்குப் போய் வருவாள். துடைப்பத்தால் ஒரு ஆபீஸ்காரரின் பிரீப்கேஸைத் தட்டிவிட்டிருக்கிறாள். மீன் கழுவிய தண்ணீரை ஒரு கல்யாணக் காரின் மீது ஊற்றியிருக்கிறாள். கார் அவள் வாசலை அடைத்து நின்றதாம்.

அவள் அதிகம் மோதியது ஹராதன் பாபு என்ற பக்கத்து வீட்டுக்காரரோடு. அவர் ஸ்கூட்டரைத் தெருக்குழாய்த் தண்ணீரில் தினமும் குளிப்பாட்டுவார். ஒருநாள் அவருடைய மருமகள் ரூமா, மாமனாருக்காக ஏதோ பதில் பேசிவிட்டாள். கல்யாணமாகிச் சில வருஷமாகியும் குழந்தை இல்லாத பெண். அத்தனை பேர் குடத்தோடு நிற்கும்போது மாஷி சொன்னாள்: "வயிறு திறக்க வழியில்லை, வாய் மட்டும் திறக்குதோ?"

ரூமா குடத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். பிறகு பல நாள் அவள் வெளியே வரவில்லை.

இதை எழுதக் காரணம், மாஷி ஒரு பாவமும் அறியாதவள் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த வார்த்தை கொடுமையான வார்த்தை.

என் யோசனை

அந்தப் புதன்கிழமை அறை நிறைந்திருந்தது. ஹராதன் பாபு எழுந்து நின்று, "இவள் ஒரு சமூக விரோதி. இந்த முறை போலீஸ்தான்" என்றார். செய்தித்தாள்களில் துப்பாக்கிக்காரர்களுக்கு எழுதும் சொல். முழங்கால் வலியோடு மடக்கு நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த கிழவியைப் பார்த்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"சொன்னியா மாஷி?" என்று மாயாதி கேட்டார்.

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பொண்ணுகிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் அதே மூச்சில் ஹராதன் பாபு பக்கம் திரும்பி, "ஆனா இவன் ஸ்கூட்டர் எருமையா, தினம் குளிப்பாட்ட?" என்றாள். அறை மீண்டும் கொதித்தது.

மாயாதி என்னைப் பார்த்தார். "மூர்த்திதா, நீங்க சொல்லுங்க."

நான் படித்தவன். யோசித்துப் பேசுகிறவன் என்று எனக்கு ஓர் எண்ணம். அறை அமைதியாகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்: "அவங்க வாய்க்குத் தீனி நம்ம பதில்தான். யாரும் பதில் பேசலைன்னா தானா நின்னுடும். போலீஸ் வேண்டாம், அபராதம் வேண்டாம். ஒரு மாசம் சந்துல யாரும் அவங்களோட பேச வேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. ரத்தமில்லை, செலவில்லை, நாகரிகமாக இருக்கிறது. மளிகைக்காரர் பேசாமல் சாமானை நிறுத்துக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. மாயாதி மட்டும் டீக் கோப்பையை விரலால் சுற்றிக்கொண்டே, "ஒரு மாசமா? அது நீளமாச்சே" என்றார். நான் அதைக் கேட்காததுபோல் இருந்தேன்.

மாஷி என்னை ஒருமுறை பார்த்தாள்.

முதல் சில நாள் அவள் வழக்கத்தைவிடப் பலமாகத் திட்டினாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து கெஞ்சல் மாதிரி ஒரு குரல் வந்தது. "சுண்ணாம்பு டப்பா புதுசு வந்துதா?" என்று மளிகைக்காரரைக் கேட்பாள், அவர் டப்பாவை எடுத்து வைப்பார். "மணி என்ன ஆச்சு?" என்று போகிறவர்களைக் கேட்பாள், அவர்கள் வேகமாக நடப்பார்கள். திட்டு குறைந்தது. என் யோசனை வேலை செய்கிறது என்று அலுவலகத்தில்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

அப்போதுதான் பால்கனியில் கோமதியின் குரல் கேட்கத் தொடங்கியது.

தமிழும் பேச்சுதான்

"நீ அவகிட்ட பேசறியாமே?" என்று கேட்டேன்.

கோமதி திருநெல்வேலிக்காரி. அரிசி களைந்துகொண்டே நிமிராமல் சொன்னாள்: "நான் எங்க பேசுதேன்? பேசக் கூடாதுன்னு நீங்க பெங்காலியிலதான சொல்லியிருக்கிய. நான் தமிழ்ல என் பாட்டுக்குச் சொல்லுதேன். அவளுக்கா புரியப்போவுது?"

"புரியாதவகிட்ட எதுக்குப் பேசணும்?"

"காலங்காத்தால ஒரு மனுஷி நிக்கா. பாத்துக்கிட்டே துணி காயப்போட முடியுமா? உங்களுக்கு முடியும்."

அடுத்த புதன்கிழமை ஹராதன் பாபு எழுந்தார். "மூர்த்தி பாபு, தப்பா நினைக்காதீங்க. உங்க பால்கனியிலிருந்தே விதி மீறப்படுது."

மளிகைக்காரர் என்னைக் காப்பாற்ற நினைத்து, "அதெல்லாம் பேச்சுன்னு சொல்ல முடியாதுங்க. தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்கற மாதிரி ஏதோ சத்தம்" என்றார். அறை குலுங்கிச் சிரித்தது.

மாயாதியும் சிரித்தார். "காலையில காக்காகூடத்தான் பால்கனியில உக்காந்து மாஷியைப் பாத்துக் கத்துது. அதையும் கமிட்டிக்கு இழுக்கணுமா ஹராதன் பாபு? புரியாத பாஷை பேச்சுக் கணக்குல வராது. என்ன மூர்த்திதா?"

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்திருந்தால் போதும்.

எனக்குக் காதில் விழுந்தது தகர டப்பாவும் காக்காயும் மட்டும். அத்தனை வருஷம் அந்த ஊரில் கேட்டுச் சிரித்து விழுங்கிய வேடிக்கைகள் எல்லாம் அன்று தொண்டையில் வந்து நின்றன. எழுந்து நின்றேன். தமிழ் எத்தனை பழைய மொழி, அதில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நல்ல பெங்காலியில் ஒரு பிரசங்கமே செய்தேன். கடைசியில் சொன்னேன்: "தமிழும் பேச்சுதான். தமிழில் பேசினாலும் பேசினதுதான். என் வீட்டிலிருந்து இனி விதி மீறப்படாது."

கை தட்டினார்கள். ஹராதன் பாபு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மளிகைக்காரர் மன்னிப்புக் கேட்டார். மாயாதி சிரிப்பை நிறுத்திவிட்டு டார்ச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் மொழியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"தமிழும் பேச்சுதான்னு முடிவாயிடுச்சு கோமதி."

"யாரு முடிவு பண்ணா?"

"நான்தான்."

"நல்லா இருக்கு" என்றாள். மறுநாள் துணிக்கொடியை அவிழ்த்துப் பின்பக்க ஜன்னலுக்கு மாற்றிக் கட்டினாள். அங்கே வெயில் வராது. மாதத்தின் மிச்ச நாளெல்லாம் என் சட்டைகளில் ஈரவாடை அடித்தது.

அந்த ஒரு காலை

இனி எழுதப்போவதைக் கோமதியிடமே பல வருஷம் சொல்லவில்லை.

ஒரு காலை நான் பால்கனிக் கதவருகே திரைச்சீலைக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீழே மாஷி குடத்தை வைத்துவிட்டு மேலே பார்த்தாள். கொடி இல்லாத வெறும் பால்கனி. காத்திருந்தாள். குடம் நிறைந்து வழிந்தது. தண்ணீரை வீணாக்குகிறவர்களை மூன்று தலைமுறைக்குத் திட்டியவள் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு அவள் தமிழில் சொன்னாள்: "தண்ணி."

கோமதியின் வாயிலிருந்து அவள் பொறுக்கி வைத்திருந்த சொல் அது ஒன்றுதான் போல. மேலே யாராவது இருக்கிறார்களா என்று தயங்கி, இன்னொரு முறை, "தண்ணி?" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை இருந்தது. பேப்பரை மடித்தால் சத்தம் கேட்டுவிடும் என்று மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும்வரை நான் அசையவில்லை.

மாதம் முடிந்தது. விதி விலகியது. ரூமாதான் முதலில் மாஷியின் கதவைத் தட்டினாள் என்று கேள்வி. எல்லோரும் கொஞ்சம் வெட்கத்தோடு, "மாஷி, சௌக்கியமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டவில்லை. கேள்வி கேட்கவில்லை. வரிசையில் நின்று தண்ணீர் பிடித்துப் போனாள். ஹராதன் பாபு ஸ்கூட்டரை நிம்மதியாகக் குளிப்பாட்டினார். குழாயடியில் வெற்றிலைச் சாறு சிவப்பாகப் படிந்தது.

கமிட்டியில் எனக்குப் பாராட்டு தெரிவித்தார்கள்.

குளிர்காலம் வருவதற்குள், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சாந்த்ராகாச்சியிலிருந்து அவளுடைய அக்கா மகள் ஒரு டெம்போவோடு வந்தாள். கட்டில், டிரங்குப் பெட்டி, இரண்டு குடம். சந்து வேடிக்கை பார்த்தது. கோமதி மட்டும் கீழே இறங்கிப் போய் மாஷியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் ஆபீஸ் பையோடு மாடிப்படியில் நின்றேன். டெம்போ கிளம்பிய பிறகுதான் இறங்கினேன்.

சால்ட் லேக்

ஓய்வுபெற்றபின் மகனோடு ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்குக்குப் போனோம். அவனுக்கு செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை. அகலமான சாலைகள், வரிசையான மரங்கள், பெயர் தெரியாத அண்டைவீட்டார். அங்கே எல்லாம் ஒழுங்கு. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் நகராட்சிக்கு ஒரு போன். ஆள் வருவார், பார்ப்பார், நோட்டீஸ் ஒட்டுவார். புகார் கொடுத்தவர் யாரென்று நாய்க்காரருக்குத் தெரியாது. நாய்க்காரர் முகம் எப்படி இருக்கும் என்று புகார் கொடுத்தவருக்கும் தெரியாது.

ஒருநாள் எங்கள் கதவிலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கோமதி மாடியிலிருந்து துணி பிழியும் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டுகிறதாம். கோமதி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மேல வந்து சொன்னா உள்ளயே பிழிஞ்சுட்டு வந்து போட்டிருப்பேனே. ஒரு வாய்க் காப்பியும் குடுத்திருப்பேன்" என்றாள். பிறகு, "ஆரதி மாஷியா இருந்தா கீழே நின்னு சந்தி சிரிக்க வச்சிருப்பா. அவளை ஒரு தடவை பாத்துட்டு வருவமா?" என்றாள்.

அன்றுதான் திரைச்சீலை விஷயத்தை அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "தெரியும். நான் அடுப்படியில இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "நீங்களா எந்திரிச்சுப் போவியன்னு நினைச்சேன்."

மாயாதிக்குப் போன் செய்தேன். அப்போது அவர் கவுன்சிலர் இல்லை. முகவரி தேடித் தந்தார். வைப்பதற்கு முன் கேட்டேன்: "அந்த ஒரு மாசத்தை நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க தீதி?"

"எனக்கு மனசில்லை. ஆனா நடுவர்னு உங்களை உக்காரவச்சது நான். அப்புறம் உங்க வீட்டம்மா பேசறாங்கன்னு கேட்டதும் எனக்கு உயிர் வந்துது" என்றார். "அந்த வழியை நீங்களே அடைப்பீங்கன்னு நினைக்கலை."

சாந்த்ராகாச்சியில்

குளிர்கால மதியம். ரயில்வே யார்டில் சரக்கு வேகன்கள் மோதிக்கொள்ளும் சத்தம் ஸ்டேஷனிலிருந்தே கூட வந்தது. ஸ்டேஷனை ஒட்டிய ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட வீட்டு வாசலில் மாஷி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

கோமதியைப் பார்த்ததும், "ஓ, மாத்ராஜி பௌ" என்றாள். பௌ என்றால் வீட்டு மருமகள். இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். இவள் தமிழில், அவள் பெங்காலியில். அக்கா மகள் டீயும் நமுத்துப்போன பிஸ்கட்டும் கொண்டுவந்தாள்.

நான் வரும் வழியெல்லாம் ரயிலில் பெங்காலி வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன். பேச்சில் ஒரு இடைவெளி வந்தபோது சொன்னேன். அந்த யோசனை என்னுடையது என்றேன். பால்கனிப் பேச்சை நிறுத்தியதும் நான் என்றேன். அவள் 'தண்ணி' என்று கூப்பிட்ட காலையில் திரைச்சீலைக்குப் பின்னால் நான் இருந்தேன் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்து மெல்லச் சாப்பிட்டு முடித்தாள்.

"உன் மேல எனக்குக் கோபம் இல்லை பாபு" என்றாள். "மத்தவங்க மேலதான். ஹராதன் என்னோட தினம் சண்டை போடுவான். மளிகைக்காரன் எடையில ஏமாத்துவான், நான் கத்துவேன், அவனும் கத்துவான். அவங்கள்லாம் ஒரே நாள்ல வாயை மூடினாங்க பாரு, அதுதான் என்னைக் கொன்னுது. நீ என்ன புதுசா செஞ்சே? அத்தனை வருஷம் எதிர்வீட்ல இருந்தே. அதுக்கு முன்னாடி மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கியா?"

கோமதிக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முற்றத்துக் கோழியைப் பார்த்தாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். எட்டொன்பது வருஷம். தினமும் காலை அந்தக் குழாயைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனேன். ஒதுங்கி, செருப்பு நனையாமல், யாரையும் இடிக்காமல். அதைத்தான் நல்ல நடத்தை என்று எண்ணியிருந்தேன். எல்லோருக்கும் ஒரு மாதம் என்று நான் விதித்ததில் எனக்கு ஒரு நாள்கூடக் கஷ்டம் இருக்கவில்லை. அது ஏன் என்று அன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

மன்னிப்புக்கான என் வாக்கியங்கள் தீர்ந்துவிட்டன. அவளோ இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குத்தான் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. எதிரில் இருக்கும் ஒருவரிடம் சும்மா என்ன கேட்பது? நடுநிலை வகித்த எத்தனையோ புதன்கிழமைகளில் எனக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

"இவ்வளவு சத்தத்துல உங்களுக்குத் தூக்கம் வருதா மாஷி?" என்று கேட்டேன். வேகன்களைத்தான் சொன்னேன்.

"வேகனா? அது ஒரு சத்தமா?" அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "குளிர் வந்தா அந்த ஏரியில வாத்துங்க வந்து இறங்குதே, அதைக் கேட்டியா? எந்தெந்தத் தேசத்துலேர்ந்தோ வருதாம். சாயங்காலம் ஆரம்பிச்சா ஒண்ணு ஒண்ணோட ஒரே சண்டை. மூஞ்சி கருகின ஜன்மங்க. பாக்க ஜனம் வேற டிக்கெட் வாங்காத குறையா வருது. அதுங்க மேல ஒரு பயலாவது கமிட்டியில புகார் கொடுத்தானா?"

"கொடுத்தா நடுவரா யாரைப் போடுவாங்க?" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னைத்தான் போடுவாங்க. அப்புறம் ஏரியில ஒரு வாத்து வாயைத் திறக்குமா?"

கோமதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. மாஷி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, அந்த வாத்துகளில் ஒன்று போன வருஷம் அவள் கூரையில் வந்து இறங்கிய கதையை ஆரம்பித்தாள். இடையிடையே நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் நான் ஏதாவது கேட்டேன்.

ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் என்று கோமதி இரண்டு முறை ஜாடை காட்டினாள். நான் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். வாத்து இன்னும் கூரையிலிருந்து இறங்கவில்லை.